பெரிய டிரம்மின் மார்பளவு

மனைவிக்கு உதவி செய்தே தீருவது என்று முடிவெடுத்தேன். அவள் கேட்கவில்லை. கேட்காத இடத்தில் உதவி செய்யப் போனவன் எவனும் உருப்பட்டதாகச் சரித்திரம் இல்லை. ஆனால் சரித்திரத்தில் நான் எப்போதுமே மார்க் வாங்கியதில்லை.

என் மனைவி தையற்காரி. கோட்டு தைப்பதில் கெட்டிக்காரி. எங்கள் வீட்டு முன்னறை அவளுடைய ராஜ்யம். இரண்டு தையல் மெஷின், ஒரு வெட்டு மேஜை, சுவர் நீளத்துக்குத் துணிச் சுருள்கள். இவை போக மிஞ்சிய இடத்தில் நான் குடியிருக்கிறேன்.

அந்த மாதம் அவளுக்கு ஒரு பெரிய ஆர்டர் வந்தது. ஊர்ப் பேண்டு வாத்தியக் குழுவுக்குக் கோட்டு. மொத்தம் இருபத்துநாலு பேர். புது மேம்பாலம் திறக்கிற சனிக்கிழமையன்று எல்லோரும் ஒரே மாதிரி கருநீலக் கோட்டில் நின்று வாசிக்க வேண்டும். இது நன்றாக அமைந்தால் தீயணைப்பு நிலையத்து ஆர்டரும் இவளுக்குத்தான் என்று பேண்டு மாஸ்டர் சொல்லியிருந்தார். இதுவரை அவளுக்கு ஒரே நேரத்தில் நாலு கோட்டுக்கு மேல் வந்ததில்லை. இருபத்துநாலு என்றதும் இரண்டு நாள் சிரித்த முகமாகவே இருந்தாள். என்னைப் பார்த்துக்கூட.

வீட்டில் ஏற்பாடு என்னவென்றால், அவள் டேப் பிடித்து அளவு சொல்வாள், நான் நோட்டில் எழுதுவேன். அப்புறம் நோட்டைப் பார்த்து ஆளுக்கு ஒரு வெட்டுச் சீட்டு எழுதுவேன். அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் கட்டிங் மாஸ்டர் துணியை வெட்டுவார். பதினாலு வருஷமாக இப்படித்தான். இதில் ஒரே ஒரு சங்கடம், என் கையெழுத்து. அதில் மூன்றும் எட்டும் ஒட்டிப் பிறந்த இரட்டைப் பிள்ளைகள். பெற்ற எனக்கே அடையாளம் தெரியாது. போன மாதம் ஒரு பள்ளிக்கூட ஆய்வாளரின் முப்பத்தெட்டு அங்குல மார்பு என் கையால் முப்பத்துமூன்று ஆனது. மனிதர் கோட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று "பிரமாதம்" என்று சொல்ல வாயைத் திறந்தார். "பிர" வரைக்கும்தான் வந்தது. பொத்தான் பறந்துபோய் டியூப் லைட்டில் பட்டது.

"உங்க கையெழுத்தைப் படிக்க மருந்துக் கடைக்காரரைத்தான் கூட்டிட்டு வரணும்" என்றாள் மனைவி.

பேண்டுக்காரர்கள் அளவு கொடுக்க வந்துபோன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், என் நோட்டைப் புரட்டிவிட்டு ஒரு பெருமூச்சு விட்டாள் பாருங்கள், அப்போதுதான் அந்த முடிவை எடுத்தேன். இந்த இருபத்துநாலு சீட்டையும் கம்ப்யூட்டரில் அடிப்பது. அதுவும் சாதாரணமாக இல்லை. ஸ்கிரிப்ட் எழுதி அடிப்பது.

எனக்கு ஸ்கிரிப்ட் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். நான் ஒரு பம்பு சாமான் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். அங்கே கம்ப்யூட்டர் பிரிவில் ஒருவர் இருக்கிறார். ஐம்பது வயசு. விநாடிக்கு ஒருதரம் கண்ணை இமைப்பார். அதனால் திரையில் மினுக்குகிற கோட்டின் பேரே அவருக்கும், கர்சர். அவர் ஒருநாள் கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி அடித்து, நான் ஒரு மணி நேரம் ஒட்டுகிற லேபிள்களை ஒரு நிமிஷத்தில் அச்சடித்துக் காட்டியிருந்தார். திங்கட்கிழமை முதல் வேலையாக அவரிடம் போனேன்.

"ஸ்கிரிப்ட்ங்கறது ஒண்ணும் இல்ல சார்" என்றார். "நாம செய்யச் சொல்ற வேலையை வரிசையா எழுதி ஒரு ஃபைல்ல வெச்சுடறோம். அந்த ஃபைல் பேரை அடிச்சா வேலை நடக்கும். பேருக்குப் பக்கத்துல என்னென்ன அடிக்கறீங்களோ, அதெல்லாம் ஆர்குமெண்ட்."

"யாரோட?"

"யாரோடயும் இல்ல சார். நாம அதுக்குக் கொடுக்கற விவரம். அதுக்குத்தான் ஆர்குமெண்ட்னு பேரு. இடைவெளி விட்டு இடைவெளி விட்டுக் கொடுக்கணும். முதலாவதா வர்றது டாலர் ஒண்ணு, அடுத்தது டாலர் ரெண்டு, அப்படியே போகும்."

எனக்குப் புரிந்தது. புரிந்தது என்று தலையாட்டுகிற அளவுக்குப் புரிந்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் அறிவித்தேன்.

"இனிமே சீட்டு நான் கையால எழுத மாட்டேன்."

"நல்ல காலம் பொறந்தாச்சு."

"ஒரு ஸ்கிரிப்ட் எழுதப் போறேன்."

"வசனம் யாரு?"

"சினிமா இல்லம்மா. கம்ப்யூட்டர். ஆளோட பேரையும் ஆறு அளவையும் ஆர்குமெண்ட்டா கொடுத்தா, அது பாட்டுக்குச் சீட்டு அடிச்சுக் கொடுத்துடும்."

மெஷினை நிறுத்தினாள். "ஆர்குமெண்ட் கொடுத்தா வேலை செய்யுமா?"

"கொடுத்தாத்தான் செய்யும்."

"பதினாலு வருஷமா நானும் கொடுத்துட்டுத்தான் இருக்கேன். இந்த வீட்டுல இதுவரைக்கும் எதுவும் நகரலையே. அந்த ஸ்கிரிப்ட்டு நல்ல இடத்துல பொறந்தது போல."

மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. அந்தச் சத்தத்தில் அவள் சிரித்தாளா இல்லையா என்று தெரியவில்லை.

புதன்கிழமை வரை திணறினேன். பேர் ஒன்று, அளவு ஆறு. மார்பு, இடுப்பு, தோள், கை, நீளம், கழுத்து. ஏழையும் வரிசையாகக் கொடுத்தால், என் ஸ்கிரிப்ட் பேரையும் ஓர் அளவு என்று எண்ணிக்கொண்டு, புல்லாங்குழல்காரரின் சீட்டில் "மார்பு: புல்லாங்குழல்" என்று அடித்தது. வியாழக்கிழமை சாயங்காலம் பின்பக்கத்து வராந்தாவில் நின்றுகொண்டு கர்சருக்குப் போன் போட்டேன். அவர் "ஷிஃப்ட்" என்று ஒரு வித்தை சொல்லிக் கொடுத்தார். நான் புரிந்துகொண்டதைத் திருப்பிச் சொன்னேன். சற்று உரக்கவே சொன்னேன். எனக்குச் சந்தோஷம் வந்தால் குரல் கூடிவிடும்.

"ஓகோ! ஷிஃப்ட் பண்ணினா முதலாவது போயிடும். ரெண்டாவது தானா வந்து முதல் இடத்துல உக்காந்துக்கும். அப்படித்தானே சார்? ஆமா, இவ்வளவு நாள் இது தெரியாம முதலாவதோட மல்லுக்கட்டிட்டு இருந்தேன்! என்னது? போன முதலாவது திரும்பி வராதா? வராட்டி என்ன சார், நிம்மதி. பேரை மட்டும் முன்னாடியே காப்பாத்திக்கணும், அவ்வளவுதானே? சரி, டாலர் ஒண்ணுல பேரு இருக்கு..."

திரும்பினேன். வாசல் நிலையில் மனைவி நின்றுகொண்டிருந்தாள். கையில் பெரிய கத்தரிக்கோல். துணி வெட்டுகிறதுதான். இருந்தாலும் கத்தரிக்கோல்.

"டீ ஆறுது" என்றாள். போய்விட்டாள்.

அன்றைக்கு அவள் அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. வேலைக் களைப்பு என்று நினைத்தேன். மறுநாள் காலையும் பேசவில்லை. இன்னும் களைப்புப் போகவில்லை என்று நினைத்தேன். எனக்கு அவ்வளவுதான் நினைக்கத் தெரியும்.

வெள்ளிக்கிழமை ஆபீஸிலிருந்து திரும்பும்போது எதிர்வீட்டு வக்கீலம்மா வாசலிலேயே மடக்கினார். அவர் குரலுக்கு ஜட்ஜே எழுந்து நிற்பார் என்று சொல்வார்கள்.

"உள்ள வாப்பா. உக்காரு. நேராவே கேக்கறேன். யாரு அந்த ரெண்டாவது?"

"எந்த ரெண்டாவது மேடம்?"

"முதலாவது போனதும் வந்து உக்காரப் போறாளே, அவ."

எனக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. அப்பாடா என்றிருந்தது. "ஓ, அதுவா மேடம்? ரெண்டாவது மார்பளவு."

வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்தார். முப்பது வருஷத் தொழிலில் அவர் இப்படி ஒரு வாக்குமூலத்தைக் கேட்டதில்லை என்று முகத்தில் எழுதியிருந்தது.

"கூசாம சொல்றியே!"

"உண்மையைத்தானே மேடம் சொல்றேன். அதுக்கப்புறம் இடுப்பு."

"நிறுத்து! டாலர் யாருக்கு வாங்கின?"

"வாங்கலையே."

"பேர் பொறிச்ச டாலர். டாலர் ஒண்ணுல பேரு இருக்குன்னு நீ போன்ல சொன்னதைக் கேட்டிருக்கா. அவ கழுத்துல ஒரு செயின்கூட இல்ல, தெரியுமா உனக்கு?"

"அது கழுத்துல போடற டாலர் இல்ல மேடம். கழுத்து டாலர் ஆறுல வருது."

"ஆறு டாலரா!"

இதற்கு மேல் நான் பேசப் பேச வழக்கு எனக்கு எதிராகவே போனது. கடைசியில் பையிலிருந்து காகிதத்தை எடுத்து, ஸ்கிரிப்ட்டை முழுக்க எழுதிக் காட்டி, பேர் எங்கே, அளவு எங்கே, டாலர் என்பது ஒரு குறிதான் என்று விளக்கினேன். அரைமணி நேரம் ஆயிற்று. வக்கீலம்மா குறுக்கு விசாரணை செய்து, கர்சருக்கே போன் போட்டு, ரெண்டாவது என்று ஒருத்தி இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் விட்டார்.

"உன் வீட்டுக்காரிகிட்ட நான் சொல்றேன். ஆனா ஒண்ணு. இந்த மாதிரி ஆர்குமெண்ட்டை வெச்சுக்கிட்டு நீ எங்கயும் ஜெயிக்க முடியாது."

வீட்டில் சமாதானம் ஆயிற்று. "நான் என்னத்தைக் கண்டேன், டாலர்னா டாலர்னுதானே நினைப்பேன்" என்றாள். எனக்கு ஒரு பக்கம் பெருமையாகக்கூட இருந்தது. நாற்பத்தேழு வயசில், இந்த வயிறோடு, என்மேல் ஒருத்திக்குச் சந்தேகம் வருகிறதென்றால் சும்மாவா?

சனிக்கிழமை காலை வீட்டுக் கம்ப்யூட்டரில் ஸ்கிரிப்ட் ஓடியது. முதலில் புல்லாங்குழல். பேண்டு மாஸ்டர் தன் ஆட்களை வாத்தியத்தின் பேரால்தான் கூப்பிடுவார். நாங்களும் அப்படியே எழுதிக்கொண்டிருந்தோம். புல்லாங்குழல் என்று அடித்து, பக்கத்தில் ஆறு அளவையும் அடித்து என்டரைத் தட்டினேன். அழகான சீட்டு வந்தது. மூன்று மூன்றாக இருந்தது. எட்டு எட்டாக இருந்தது. அடுத்து கிளாரினெட். அதுவும் அப்படியே. எனக்குக் கண்ணில் நீர் வராத குறை. மீதி இருபத்திரண்டையும் மளமளவென்று அடித்து, அச்சில் வந்ததை அப்படியே ஒரு உறையில் போட்டு, மூடி ஒட்டி, மனைவியின் கையில் கொடுத்தேன்.

"சரி பாத்தீங்களா?"

"கம்ப்யூட்டர் அடிச்சதை மனுஷன் சரி பாக்கறதா?" என்றேன்.

இந்த வாக்கியத்தை நான் சொல்லியிருக்க வேண்டாம்.

திங்கட்கிழமை ஆபீஸில் கர்சருக்கு நன்றி சொல்லப் போனேன். அன்று அவர் வழக்கத்தைவிட வேகமாக இமைத்தார்.

"ரொம்ப சந்தோஷம் சார். ஆமா, பேரெல்லாம் ஒரே வார்த்தைதானே?"

"சிலது ஒண்ணு, சிலது ரெண்டு. பெரிய டிரம், சின்ன டிரம், முதல் டிரம்பெட்..."

"கொட்டேஷன் போட்டுத்தானே கொடுத்தீங்க?"

"கொட்டேஷன் எதுக்கு சார்? ஆர்டர்தான் ஏற்கெனவே கிடைச்சாச்சே."

"அந்தக் கொட்டேஷன் இல்ல சார். மேற்கோள் குறி. பேருக்கு ரெண்டு பக்கமும் போடணும். இல்லன்னா நடுவுல இருக்கற இடைவெளியைப் பாத்துட்டு அது ரெண்டு ஆர்குமெண்ட்டுன்னு எடுத்துக்கும்."

"எடுத்துக்கிட்டா?"

அவர் ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினார். பெரிய டிரம், 44, 42, 19, 25, 30, 17. என் ஸ்கிரிப்ட்டுக்கு இதில் பேர் "பெரிய" மட்டும்தான். அடுத்து வருகிற "டிரம்" மார்பு. மார்பு நாற்பத்துநாலு இடுப்புக்கு இறங்கிவிட்டது. இடுப்பு நாற்பத்திரண்டு தோளுக்குப் போய்விட்டது. தோள் பத்தொன்பது கையாகிவிட்டது. கை இருபத்தைந்து கோட்டின் நீளம். நீளம் முப்பது கழுத்து. உண்மையான கழுத்துக்கு இடமே இல்லாமல் கீழே விழுந்துவிட்டது.

நான் மனக்கண்ணில் அந்தக் கோட்டைப் பார்த்தேன். தோள் நாற்பத்திரண்டு அங்குலம். போட்டவர் வாசலில் பக்கவாட்டில்தான் நுழைய முடியும். கழுத்து முப்பது அங்குலம். அது கழுத்தில்லை, தண்ணீர்த் தொட்டி. இத்தனைக்கும் கை முழங்கையைத் தாண்டிக் கொஞ்சம்தான் வரும். இந்த மாதிரி இரண்டு வார்த்தைப் பேர் உள்ளவர்கள் பதினொரு பேர், மேம்பாலத்தின்மேல், ஊர் முழுக்கப் பார்க்க.

தலைவலி என்று சொல்லி அரைநாள் லீவு போட்டு வீட்டுக்கு ஓடினேன். பொய் இல்லை, வழியிலேயே தலைவலி வந்துவிட்டது. முன்னறையில் கருநீலத் துணி மலையாகக் குவிந்திருந்தது. எல்லாம் வெட்டிய துண்டுகள். கட்டிங் மாஸ்டர் கத்தரிக்கோலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சுதா மாஸ்டர்?"

"காலைலயே முடிஞ்சுது சார்."

"எல்லாம்... சீட்டுல இருக்கற மாதிரியேவா?"

"சீட்டுல இருக்கறதைத் தாண்டி ஒரு நூல் மாத்தல சார்" என்றார் பெருமையாக.

"பெரிய டிரம்மும்?"

"பெரிய டிரம்மும்."

கம்ப்யூட்டர் அடித்ததை மனிதன் சரி பார்க்கக் கூடாது என்று அந்தக் கட்டிங் மாஸ்டரும் நினைத்திருக்க வேண்டும்.

சொல்லிவிடலாம் என்று சமையலறைக்குப் போனேன். "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

"நானும் ஒண்ணு கேக்கணும்" என்றாள். "நீங்களே முதல்ல சொல்லுங்க."

"இல்ல, நீ கேளு."

"கோட்டுக்கு எட்டெட்டுப் பொத்தான். எனக்கு நேரம் பத்தாது. நீங்க தைச்சுக் கொடுக்கறீங்களா?"

வேறு நாளாக இருந்தால், ஸ்டோர் கீப்பர் பொத்தான் தைப்பதா என்று ஒரு மணி நேரம் வாதாடியிருப்பேன். அன்றைக்கு "அதுக்கென்ன, தாராளமா" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"நீங்க என்னமோ சொல்லணும்னீங்களே?"

"உன் கையில நூல் ஒட்டிட்டிருக்கு. அதான்."

செவ்வாய்க்கிழமை வக்கீலம்மாவிடம் போனேன். எனக்காக அவளிடம் பேசச் சொல்லிக் கெஞ்சினேன். அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"போன வெள்ளிக்கிழமையிலிருந்து உன் வீட்டுக்காரி என் கட்சிக்காரிப்பா. எதிர்க்கட்சிக்கு நான் ஆஜராகக் கூடாது. நீயே போய் ஒத்துக்கோ. ஒத்துக்கிட்டா தண்டனை குறையும்."

அன்று சாயங்காலம் மறுபடி முயன்றேன். "ஒண்ணு சொல்லணும்..."

"நானும் நினைச்சேன். படுக்கையறைக்குப் பக்கத்துல அந்தச் சின்ன அறை சும்மாதானே கிடக்கு? உங்க பழைய பேப்பர் கட்டையெல்லாம் எடுத்துட்டா அதைத் தையல் அறையா வெச்சுக்கலாம்."

அந்த அறை எனக்கு இந்த வீட்டில் மிஞ்சியிருந்த ஒரே நிலம். செய்தித்தாளோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் அரைமணி நேரம் நான் ஒரு சுதந்திர நாடு. வாயைத் திறந்தேன். முப்பது அங்குலக் கழுத்து நினைவுக்கு வந்தது.

"எடுத்துக்கோ" என்றேன்.

புதன்கிழமை துணி துவைத்தேன். சொல்லவே இல்லை, நானாகத் துவைத்தேன். காய்ந்ததை மடித்தும் வைத்தேன். பொத்தான் தைக்கிற சாக்கில் பெரிய டிரம்மின் கோட்டைத் தேடினேன். என் கண்ணில் படாமல் எல்லாக் கோட்டையும் ஒன்றின்மேல் ஒன்றாகத் தலைகீழாக மடித்து வைத்திருந்தாள். எது யாருடையது என்று தெரியவில்லை. எல்லாமே ஒன்றுபோலத்தான் தெரிந்தது. பயத்தில் இருப்பவன் கண்ணுக்கு நாற்பத்திரண்டும் பத்தொன்பதும் ஒன்றுதானோ என்னவோ.

வியாழக்கிழமை காலை, இதுதான் கடைசிச் சந்தர்ப்பம் என்று நேரே போய் நின்றேன். மெஷினில் உட்கார்ந்திருந்தாள்.

"இதைக் கேட்டா நீ கோவிச்சுக்கக் கூடாது."

"நான் கேக்கப் போறதுக்கும் நீங்க கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"பேண்டுக்காரங்க வாசிச்சுப் பழகற கூடத்துல கூரை ஒழுகுதாம். தையல் அறை பின்னாடி போயிட்டா நம்ம முன்னறை காலிதானே. ஞாயித்துக்கிழமை காலைல மட்டும் இங்க வந்து வாசிக்கட்டுமான்னு மாஸ்டர் கேட்டார்."

"இருபத்துநாலு பேருமா?"

"டிரம்மை எல்லாம் இங்கயே வெச்சுட்டுப் போவாங்களாம். தூக்கிட்டு அலைய வேண்டாம் பாருங்க."

நாளைக்குச் சாயங்காலம் எல்லோரும் கோட்டைப் போட்டுப் பார்க்க வரும்போது அந்தப் பெரிய டிரம் இந்த அறையில் நின்று தன் கோட்டுக்குள் தலையை விடப்போகிறது. அந்த மனிதருக்கு முன்னால் என் ஞாயிற்றுக்கிழமை எம்மாத்திரம்?

"வரச் சொல்லு" என்றேன்.

"நீங்க என்னமோ..."

"ஒண்ணுமில்ல. நீ இந்த ரெண்டு வாரமா ரொம்ப இளைச்சுட்ட."

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு இருபத்துநாலு பேரும் வந்துவிட்டார்கள். வேடிக்கை பார்க்க வக்கீலம்மா வந்தார். கர்சரும் வந்திருந்தார். அவரை யார் அழைத்தது என்று எனக்குத் தெரியவில்லை. யோசிக்கிற நிலையிலும் நான் இல்லை. துணிச் சுருள்களுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். பின்வாசல் அங்கிருந்து ஆறு அடி.

புல்லாங்குழல் போட்டுப் பார்த்தார். கச்சிதம். கிளாரினெட். கச்சிதம். அப்புறம் மனைவி உரக்கக் கூப்பிட்டாள். "பெரிய டிரம்!"

கதவளவு மனிதர் ஒருவர் எழுந்தார். கோட்டை வாங்கினார். ஒரு கையை விட்டார். மறு கையையும் விட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். கை தட்டுகிற சத்தம் கேட்டது. திறந்தேன்.

தோள் தோளில் இருந்தது. கழுத்து கழுத்தில் இருந்தது. கை மணிக்கட்டில் வந்து மரியாதையாக நின்றது. எண்ணெய் ஊற்றியதுபோல உடம்போடு இழைந்திருந்தது கோட்டு. அடுத்து சின்ன டிரம். அதற்கடுத்து முதல் டிரம்பெட். பதினொரு பேரும் போட்டுக்கொண்டார்கள். பதினொன்றும் பொருந்தின.

எனக்கு ஒன்றுமே புரியவில்லை. கர்சர் சொன்னதுதான் தப்பா? என் ஸ்கிரிப்ட் அவ்வளவு கெட்டிக்காரத்தனமானதா? டிரம் என்பது மார்பளவு இல்லை என்று அதுவாகவே தெரிந்துகொண்டதா? நாலு நாளாக நான் விட்டுக்கொடுத்ததெல்லாம் வீணா?

"இருபத்துநாலுல ஒரு அங்குலம் பிசகலையே!" என்றார் பேண்டு மாஸ்டர். "சீட்டு அடிச்சது யாரு? கம்ப்யூட்டர்ல பண்ணினதாமே!"

மனிதன் பலவீனமானவன். நான் இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் பலவீனமானவன். துணிச் சுருளை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தேன். சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டேன்.

"நான்தான். சின்னதா ஒரு ஸ்கிரிப்ட். ஆர்குமெண்ட்டைச் சரியாக் கையாளத் தெரியணும், அவ்வளவுதான்."

வக்கீலம்மா இருமினார். கர்சர் படபடவென்று இமைத்தார். மனைவி மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து என் கையில் கொடுத்தாள். என் சீட்டு. "பேர்: பெரிய. மார்பு: டிரம்."

"இது... இதை நீ எப்போ..."

"சனிக்கிழமையே. கம்ப்யூட்டர் அடிச்சதை மனுஷன் பாக்கக் கூடாதுன்னீங்க. மனுஷிதானே, பாத்தா என்னன்னு உறையைப் பிரிச்சேன்."

"அப்போ கட்டிங் மாஸ்டர் சீட்டுப்படிதான் வெட்டினேன்னாரே?"

"சீட்டுப்படிதான் வெட்டினார். நான் அடிச்ச சீட்டுப்படி."

"நீ அடிச்சியா? கொட்டேஷன் போட்டா?"

"அதெல்லாம் எதுக்கு? வக்கீலம்மாகிட்ட நம்பர் வாங்கிச் சாருக்குப் போன் போட்டேன்" என்று கர்சரைக் காட்டினாள். "எது எதுக்கு எந்த இடம்னு சொன்னார். நீங்க பேரை முன்னாடி வெச்சிருந்தீங்க. பேரு ஒரு வார்த்தையோ மூணு வார்த்தையோ, யாருக்குத் தெரியும்? அளவு எப்பவும் ஆறுதான். அதனால ஆறு அளவையும் முன்னாடி கொண்டுவந்துட்டேன். ஆறு முடிஞ்சு என்ன மிஞ்சுதோ அது மொத்தமும் பேரு. மிச்சத் துணியை எப்பவும் ஓரத்துலதானே விடணும்? நடுவுல விட்டா சுருங்காதா?"

"அம்மா அதைச் சொன்னப்போ ஒரு நிமிஷம் நான் இமைக்கவே இல்ல சார்" என்றார் கர்சர்.

"சார், நீங்க திங்கட்கிழமை என்கிட்ட ஒண்ணுமே தெரியாத மாதிரி..."

"அம்மாதான் சொன்னாங்க. தப்பு என்னன்னு மட்டும் சொல்லிடுங்க, சரி பண்ணியாச்சுன்னு சொல்ல வேண்டாம்னு." தலையைக் குனிந்துகொண்டார். "பொய் சொன்னா எனக்கு இமை அடிச்சுக்கும் சார்."

வக்கீலம்மாவைப் பார்த்தேன். "என் கட்சிக்காரி" என்றார் அவர், கூரையைப் பார்த்தபடி.

பேண்டுக்காரர்கள் புதுக் கோட்டோடு கலைந்து போனார்கள். மறுநாள் மேம்பாலத்தில் வாசித்தார்கள். ஊரே பாராட்டியது. தீயணைப்பு நிலையத்திலிருந்தும் ஆள் வந்து பேசிவிட்டுப் போனார். அதெல்லாம் நல்லபடியாகவே முடிந்தது. நான் சொல்ல வந்தது அந்த வெள்ளிக்கிழமை, எல்லோரும் போன பிறகு, நானும் அவளும் மட்டும் முன்னறையில் நின்றபோது நடந்ததை.

"ஏம்மா, சனிக்கிழமையே தெரிஞ்சிருந்தா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? நாலு நாள் எனக்குச் சோறு இறங்கல. நாலு நாளும் செத்துச் செத்துப் பொழைச்சேன்."

அவள் டேப்பைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்.

"ஒரு தடவையாவது வாயைத் திறந்து ஒத்துக்குவீங்கன்னு நானும் தினம் பாத்தேன். நீங்க ஒத்துக்கல. ஆனா எதைக் கேட்டாலும் சரி, சரின்னீங்க. பதினாலு வருஷத்துல இப்படி நாலு நாள் எனக்கு வாய்ச்சதே இல்ல. அதை நானே எதுக்குக் கெடுத்துக்கணும்?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். ஆர்குமெண்ட் ஒன்றும் வரவில்லை.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. குளியலறையில் எதிரொலி நன்றாக வருகிறதென்று சாக்ஸஃபோன்காரர் உள்ளே போய் ஒரு மணி நேரம் ஆகிறது. நான் துண்டும் சோப்புமாக வெளியே நிற்கிறேன். எனக்கு முன்னால் வரிசையில் இன்னும் மூன்று பேர்.